மதுரைக்குப் போகணும்

விளக்குத்தூண் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே குப்பை கொட்டியவள், வீட்டிலிருந்து விளக்குத்தூணுக்கு யாரையும் வழி கேட்காமல் வந்துவிட்டேன் என்று மனசுக்குள் கை தட்டிக்கொள்கிறேன். கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேருகிற மூலை. ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜவுளிக்கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடக்கின்றன, எங்கேயோ உளுந்து வடை வேகிற வாசனை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி. இவர்களோடுதான் நடக்கப்போகிறேன். 'நம்ம மதுரையை நடந்து பார்க்கலாம், வாங்க' என்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தபோது, கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறார்களே என்று சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது எனக்கென்றே ஒட்டின நோட்டீஸ். வழிகாட்டி முன்னால் போவாள், ஆட்கள் பின்னால் போவார்கள், நடுவில் ஒருத்திக்கு எங்கே போகிறோம் என்று தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும், இதற்கு அடுத்து இதுதான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். வந்தால் பாஸ். எல்லாம் வந்துவிட்டால் அன்றைக்கு நடந்தது வெறும் தலைச்சுற்றல், வெயில், சர்க்கரை, ஏதோ ஒன்று. வராவிட்டால் அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன், வேறு எதற்கும் இல்லை, இந்த ஊரில் நான் பார்க்காத கல் எது இருக்கிறது?

அன்றைக்கு என்றால் போன மாதம். அதை நினைக்கக்கூடாது என்றுதான் வருகிறேன், தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி அது போகமாட்டேன் என்று நிற்கிறது. நான் எப்போதும் தெற்குக் கோபுர வாசலில் செருப்பை விட்டுத்தான் கோயிலுக்குள் போவேன், வீடு தெற்குப் பக்கம். அன்றைக்கு மருந்துக்கடைக்குப் போய்விட்டு மேலக் கோபுரம் வழியாகப் போயிருக்கிறேன். வெளியே வந்தது தெற்கு வாசலில். வந்து, செருப்பு வைக்கிற இடத்தில் என் செருப்பைக் கொடு என்று கேட்டேன். இது வெளியூர்க்காரர்கள் செய்கிற தப்பு. ஒரு வாசலில் விட்டு இன்னொரு வாசலில் வந்து தேடி, நாலு சித்திரை வீதியையும் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களைப் பார்த்து மதுரைக்காரர்கள் காலங்காலமாகச் சிரித்து வந்திருக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். அந்த ஆள் பொறுமையாகத்தான் சொன்னார், இங்கே விடலைம்மா, வேற வாசல்ல பாருங்க என்று. எனக்கா சொல்கிறாய், நான் இந்த ஊர் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீதிக்கு வந்தேன், அங்கேதான் அது நடந்தது. கல் பாவின தரை, மதில் சுவர், எதிரே கடைகள். நாலு பக்கமும் ஒன்று போல இருக்கிற ஊர் இது. எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தேன், அது கோபுரமாகத்தான் இருந்தது, எந்தக் கோபுரம் என்று அது சொல்லவில்லை. பூக்காரி ஒருத்தி, எங்கம்மா போகணும் என்று கேட்டாள். அவள் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ, பிறகு எல்லாம் சட்டென்று அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன், மறுநாள் மேலக் கோபுர வாசலில் செருப்பும் கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? தனியாக இருக்கிறவளுக்கு மறதி வந்தால் அதை மறதி என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால்தானே, இதைத்தான் நேற்றே சொன்னியே என்பார்கள். நான் நேற்று என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன், நேற்று முழுக்க வாயைத் திறந்தேனா என்பதே சந்தேகம்.

வழிகாட்டி வந்துவிட்டாள். சின்னப் பெண், தலையில் முக்காடு, காலில் கான்வாஸ் ஷூ, பெயர் ஷமீமா என்கிறாள், வீடு காஜிமார் தெரு, கட்டடக்கலை படித்திருக்கிறாளாம். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தவள் என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்று சிரிக்கிறாள். வயசானவளைப் பார்த்தால் எல்லோருக்கும் இப்படி ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது, படியில் கை கொடுக்கிற சிரிப்பு. ஒவ்வொருவராக ஊர் சொல்லச் சொல்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாள், தமயந்தி, பக்கத்தில் பேசாத புருஷன். பெங்களூரிலிருந்து நாலு பையன்கள். அப்புறம் நான். மதுரை என்று சொன்னால் முடிந்தது, அது என்னங்க, இது எங்கேங்க என்று என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், தெரியாமல் விழித்தால் சந்தி சிரித்துவிடும். திருநெல்வேலி என்றேன். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டெலிபோன் ஆபீசில் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து நாள் முழுக்க 'எந்த ஊர் வேணும்?' என்று கேட்டே தலை நரைத்தவள் நான், எந்த ஊர் கேட்டாலும் எனக்கு வாயில் வரும். மனிதர்கள் என்னிடம் ஊர்களைக் கேட்டார்கள், நான் ஊர்களை இழுத்து அவர்கள் காதில் சொருகினேன். யாரும் என்னைப் பார்த்ததில்லை. அழுதுகொண்டு பேசியவர்கள், கல்யாணம் முடிந்தது என்று கத்தியவர்கள், நடுவில் நான் ஒரு குரல், அவ்வளவுதான். ஷமீமா, திருநெல்வேலியா, சரிம்மா என்று சொல்லிவிட்டு ஏனோ தரையைப் பார்த்தாள். அல்வாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, பிழைத்தேன்.

இப்போது இடது பக்கம் திரும்பி ஒரு சந்து, ஜவுளிக்கடைச் சந்து, அதற்குள் பத்துத் தூண். சொல்லிவிட்டேன், இனி வர வேண்டியது அதன் வேலை. வருகிறது. லுங்கி மூட்டைகளுக்கும் போர்டுகளுக்கும் நடுவில் கல் தூண்கள் தம் பாட்டுக்கு வானத்தைப் பார்த்து நிற்கின்றன, மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பாஸ். ஷமீமா சொல்கிறாள், அரண்மனை இவ்வளவு தூரம் பரந்து கிடந்ததாம், இன்றைக்கு நாம் பார்க்கிற மகால் அதில் ஒரு துண்டுதானாம், இடித்த கல்லெல்லாம் எங்கெங்கோ போய்விட்டதாம், இந்தத் தூண்களை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்களாம். 'மறந்துட்டாங்கன்னு நான் நினைச்சுக்குவேன்' என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே அந்த வாக்கியம் என் வாயில் வந்து நின்றது. வார்த்தைக்கு வார்த்தை. நான் பயப்படவில்லை, சந்தோஷமாக இருந்தது. சொந்த ஊர்க் கதை, எப்போதோ யாரோ சொல்லிக் காதில் விழுந்தது, அது உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். அக்காவுக்குக் கடைசியில் சொந்தப் பெயரே வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. அங்கயற்கண்ணி என்று கூப்பிட்டால், அவ வரலையே என்பாள். எனக்கு என் பெயர் தெரியும். மரகதவல்லி. பென்ஷன் வருகிற தேதி தெரியும். பக்கத்து மாடியில் குடியிருக்கிறவர்களின் பெயர் தெரியாது, ஆனால் அது அவர்கள் வந்ததிலிருந்தே தெரியாது. 'அங்கே கல்லு பெயர்ந்திருக்கும்மா, பார்த்து' என்று ஷமீமா என் முழங்கையைப் பிடித்தாள். தமயந்திக்குச் சொல்லவில்லை, எனக்கு மட்டும். கொஞ்சம் எரிச்சல் வந்தது. என் கால் பெருவிரலில் காய்ந்த காயம் ஒன்று இருக்கிறது, தோல் உரிந்து கறுத்துப்போய். எங்கே இடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. இந்த வயசில் எங்கே இடித்தோம் என்று யாருக்குத் தெரிகிறது, குளிக்கும்போது எரிந்தால்தான் காயம் இருப்பதே தெரிகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கீழ மாசி வீதியில் வடக்கே பார்த்து நடக்கிறோம். மளிகைக் கடைகள், மிளகாய் நெடி, தும்மல். தமயந்தி என் பக்கத்தில் வந்து, உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைங்க என்று கேட்கிறாள். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்றதும், அப்படீங்களா என்று நடையின் வேகத்தைக் கூட்டிப் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒட்டிக்கொள்கிற வியாதி மாதிரி. எனக்கு அக்கா இருந்தாள் என்று சொல்ல நினைத்தேன். அத்தான் போன பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள், நகைக்கடைகளுக்கு மேலே மாடியில் நானும் அவளும். நான் நைட் டூட்டி முடிந்து வரும்போது காப்பி போட்டு வைத்திருப்பாள், இருவரும் பேசிக்கொண்டே இருப்போம், என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை, தக்காளி விலை. அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றாள். எங்கேக்கா கிளம்பிட்டே என்றேன். ஊருக்குப் போகணும் என்றாள். எந்த ஊருக்கு என்றேன். மதுரைக்குப் போகணும் என்றாள். ஜன்னலைத் திறந்தால் தெற்குக் கோபுரம் தெரிகிற வீட்டில் நின்றுகொண்டு. இது மதுரைதான்க்கா என்றால், பொய் சொல்லாதடி என்று அழுதாள். தினமும் இதே. நான் கோபுரத்தைக் காட்டினேன், காலண்டரில் அச்சடித்த விலாசத்தைக் காட்டினேன், கத்தினேன், கெஞ்சினேன். இது மதுரைதான், இது மதுரைதான். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு நாள், சரி வா, கூட்டிட்டுப் போறேன் என்று கையைப் பிடித்துப் படியிறங்கி, ஆவணி மூல வீதி நாலையும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வீட்டு வாசலுக்கே வந்து, மதுரை வந்தாச்சுக்கா என்றேன். அப்பாடா என்று உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் அவளை மதுரையிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போனேன். மதுரையைச் சுற்றின கழுதை வேறு ஊருக்குப் போகாது என்பார்கள், நாங்கள் இரண்டு கழுதைகள், சுற்றினோம். அவளுக்கு நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள், என்னை யார் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்து, வந்தாச்சு என்பார்கள்? செத்துப்போவதில் எனக்குப் பயமில்லை. தெருவில் நின்று முழித்துக்கொண்டிருக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லாமல் போவதுதான் பயம்.

ஏதோ ஒரு சந்துக்குள் போய்விட்டோம். இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, அக்காவை நினைத்துக்கொண்டு வந்ததில் திருப்பத்தைக் கோட்டைவிட்டேன். இது கணக்கில் சேராது. வளைந்து வளைந்து போகிற சந்து, இரண்டு பக்கமும் மாடி வீடுகள், வானமே ஒரு விரல்கடை அகலம்தான் தெரிகிறது. ஷமீமா நிறுத்துகிறாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமாம், சுற்றிவிட்டுக் கோயில் எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டுமாம். மதுரைக்காரர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோபுரம் எங்கிட்டு இருக்கென்று தெரியும், எங்க வாப்பா தொழுகைக்குப் பாய் விரிக்கிறப்பகூட மேற்கு எங்கிட்டுன்னு கோயிலை வெச்சுத்தான் சொல்வாங்க என்று சிரிக்கிறாள். பெங்களூர்ப் பையன்கள் பம்பரமாகச் சுற்றுகிறார்கள். இதுதான் பரீட்சை, இதற்குத்தான் வந்தேன், இப்போது வேண்டாம் என்று இருக்கிறது. தலைச்சுற்றல் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாமா, வயசானவள்தானே, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கண்ணை மூடினேன். மெதுவாகச் சுற்றினேன். இருட்டு. ஒரு மூலையும் இல்லாத, வீதியும் இல்லாத இருட்டு, அக்கா அந்தக் கடைசி வருஷத்தில் இதற்குள்தான் இருந்திருப்பாள். யோசித்தேன், கீழ மாசி வீதியிலிருந்து வலது பக்கமா இடது பக்கமா நுழைந்தோம், அப்புறம் எத்தனை வளைவு, ஒன்றும் பிடிபடவில்லை. யோசிப்பதை விட்டேன். விட்டதும் கை தானாக எழுந்து நீண்டது. எனக்கே தெரியவில்லை, கை ஏன் அங்கே போகிறது என்று. கண்ணைத் திறந்தால் ஆளுக்கு ஒரு திசை, தமயந்தி கிழக்கையும் அவள் புருஷன் வானத்தையும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஷமீமா என் பக்கத்தில் வந்து என் கை நீண்ட திசையையே பார்த்தாள். அம்மா மட்டும்தான் சரி என்றாள். திருநெல்வேலிக்காரங்க நம்ம மானத்தை வாங்கிட்டாங்களே என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஷமீமா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

தேர்முட்டிக்கு வந்து காப்பி. கடையில் சொல்லி அவளே எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கிறாள். என் டம்ளரில் சர்க்கரை இல்லை. நான் கேட்கவே இல்லை. நரைத்த தலையைப் பார்த்தாலே சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், இருந்து தொலைக்கிறது என்பது வேறு விஷயம். கடைக்காரர் வேறு என்னைப் பார்த்து, தெரிந்தவளைப் பார்ப்பது போலத் தலையை ஆட்டுகிறார். ஆட்டட்டும், இன்றைக்கு எனக்கு எல்லோரும் வேண்டியவர்கள். கை தானாக எழுந்ததே. அதுதான் மருந்து. தேர் நிற்கிற கொட்டகையைப் பார்த்துக்கொண்டு வீதிகளின் பெயர்களை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், சும்மா, ஜெயித்தவள் கணக்கைத் திரும்பப் பார்க்கிற மாதிரி. கோயிலுக்குள்ளே இருந்து ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். ஆடி, சித்திரை, மாசி, வெளி. இல்லை. ஆடி, சித்திரை. அப்புறம் மாசி. இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது. ஆடி, சித்திரை, பங்குனி. பங்குனி வீதி என்று ஒன்று கிடையவே கிடையாது. காப்பி வாய்க்குள்ளேயே நிற்கிறது. ஆடி, சித்திரை, ஒரு ஓட்டை, மாசி, வெளி. அந்த ஓட்டை இருக்கிற இடத்தில்தான் என் வீடு இருக்கிறது. படியிறங்கினால் என்ன வீதி, அக்காவை எந்த வீதியில் சுற்றினேன், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூட அந்தப் பெயரைச் சொன்னேனே. பல்லைப் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய்த் துழாவுகிறது. தமயந்தி ஏதோ சொல்கிறாள், ஜிகர்தண்டா எங்கே நல்லா இருக்குங்க. எனக்குத் தெரியாதுங்க, நான் வெளியூர். அது உண்மைதானோ என்னவோ. கேட்டால் யாரும் சொல்வார்கள், இந்தப் பெண்ணைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்வாள். கேட்கமாட்டேன். சொந்த வீதியின் பெயரை இன்னொருத்தியிடம் கேட்கிற நாள் வந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்தது.

மேற்கே பார்த்து நடக்கிறோம், கால் தன் பாட்டுக்குப் போகிறது, காலுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மன் சன்னதியை நோக்கி. ஒரு வீதி குறுக்கே போகிறது, அதைத் தாண்டுகிறோம், பெயர்ப்பலகையைப் பார்க்காதே, பார்க்காதே என்று தரையைப் பார்த்துக்கொண்டு தாண்டினேன். தாண்டி நாலு எட்டு வைத்ததும் வந்துவிட்டது. ஆவணி மூலம். ஆவணி மூல வீதி. அட சனியனே. கீழ ஆவணி மூல வீதி இது, இதையே பிடித்து மூலை திரும்பினால் தெற்கு ஆவணி மூல வீதி, நகைக்கடைகள், மாடி, ஜன்னல். வந்துவிட்டது, தானாக வந்தது. தானாகத்தானா, இல்லை ஓரக்கண்ணில் பலகை பட்டுவிட்டதா? படவில்லை. பட்டிருக்கலாம். இல்லை, நான் தரையைத்தான் பார்த்தேன், மாட்டுச் சாணமும் நசுங்கின பூவும்தான் பார்த்தேன். எல்லோருக்கும் வருகிற மறதிதான். யானைக்கும் அடி சறுக்கும். ராயகோபுரத்தின் அடியில் நிறுத்துகிறாள், கட்ட ஆரம்பித்து விட்டுவிட்ட கோபுரம், இரண்டு பக்கமும் கல் தூண் மட்டும், நடுவில் பாத்திரக்கடையும் வளையல்கடையும். முடித்திருந்தால் எல்லாவற்றையும்விடப் பெரிசாக இருந்திருக்குமாம். அடுத்தது ஏழுகடல் தெரு, சொல்லிவிட்டேன், வந்தது. மதுரையை ஆண்ட ராணிக்கு அம்மா ஒருத்தி, ஏழு கடலில் குளிக்க ஆசைப்பட்டாளாம், வயசான காலத்தில் எங்கே போவாள், மருமகனாக வந்த சாமி ஏழு கடலையும் இங்கேயே ஒரு குளத்துக்குள் வரவழைத்தாராம். அந்தக் குளத்தின் மேல் இப்போது கடைகள். அடுத்தது புதுமண்டபம், வந்தது. அடுத்தது கீழச் சித்திரை வீதி, வந்தது. எனக்கு நடையில் ஒரு துள்ளல்கூட வந்துவிட்டது. மூலை திரும்பினால் தெற்குச் சித்திரை, நடுவில் தெற்குக் கோபுரம், நாலிலும் உசரம். திரும்பினோம். இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன், ஒன்றில் மட்டும் கொஞ்சம் முழித்தேன், அதற்கு எந்த வாத்தியாரும் ஃபெயில் போடமாட்டார்.

அதோடு நடை முடிந்தது. கை தட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பெங்களூர்ப் பையன்கள் இட்லியைத் தேடி ஓடினார்கள், தமயந்தி திருநெல்வேலி வந்தா பார்க்கலாங்க என்று போய்விட்டாள். நான் நின்றேன். வெயில் சுகமாக இருந்தது. இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கிவைத்துவிட்டேன், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள், தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற இந்தப் பெண். பொய்யையும் சொல்லிவிடலாம், சிரிப்பாள். கிட்டே போய் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வெளியூர் இல்லை. இந்த ஊர்தான். சும்மா ஒரு விளையாட்டுக்கு அப்படிச் சொன்னேன்."

அவள் பாட்டிலை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினாள். "தெரியும்மா" என்றாள். "தெற்கு ஆவணி மூல வீதி, மாடி வீடு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் காப்பியில் இல்லாத சர்க்கரை ஞாபகம் வந்தது, கடைக்காரரின் தலையாட்டல், அந்தப் பெயர்ந்த கல், என் பெருவிரல்.

"போன வாரமும் இங்கேயே நின்னு இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும். முதல்ல வந்தப்ப தென்காசின்னீங்க. போன வாரம் காரைக்குடி." அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, என் காலைப் பார்த்தாள். "பத்துத் தூண்கிட்ட தடுக்கி விழுந்தீங்கள்ல, அது போன வாரம். கண்ணை மூடிக் கை காட்டுனது மூணு தடவையும் சரிம்மா. ஒரு தடவைகூடத் தப்பலை."

சத்தமில்லாமல் ஆனது. வீதியில் சத்தம் இருந்திருக்கும், எனக்குள் இல்லை. டெலிபோன் ஆபீசில் லைன் அறுந்துபோகும்போது ஹெட்போனில் ஒரு வெறுமை கேட்கும், அது. நான் தேடிப் பார்த்தேன், போன ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன், ஓட்டைகூட இல்லை, ஓட்டை இருந்தால் விளிம்பாவது தட்டும். சனிக்கிழமை இருந்தது, திங்கட்கிழமை இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடையில் காற்றுக்கூட நுழையாமல் இருந்தன. ஆக, அன்றைக்கு நடந்தது தலைச்சுற்றல் இல்லை. அக்கா, எனக்கும் வந்துவிட்டது. அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் இந்தப் பெண்ணின் மேல். காலையிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா, என்னைப் பரீட்சை எழுதவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அப்படிக் கேட்கவில்லை. வேறு மாதிரி கேட்டேன். அடுத்த வாரமும் நான் வந்து நின்று ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுவேன், நம்பாதே, முதலிலேயே என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு என்றேன்.

"போன வாரமும் அதான் சொல்லிட்டுப் போனீங்க" என்றாள். இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "காலைல அவ்வளவு சந்தோஷமா விளக்குத்தூணைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. எனக்குத்தான் மனசு வரலை."

நான் என்ன செய்ய? வயசுப் பெண் அழுகிறாள், எனக்காக ஒருத்தி அழுது எத்தனை நாளாயிற்று. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். "அடுத்த வாரம் மனசு வரணும்" என்றேன். தலையாட்டினாள். நம்பலாமா தெரியவில்லை, நம்பியதும் எனக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. ஆனால் இவளுக்கு இருக்கும். என்னிடம் இல்லாத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இவளிடம் இருக்கின்றன, தென்காசி, காரைக்குடி, திருநெல்வேலி என்று பெயரோடு. இதைத்தான் நேற்றே சொன்னியே என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருக்கிறது. செருப்பு வைக்கிற இடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. வெளியூர் பஸ் ஒன்று வந்திருக்க வேண்டும், யாரோ ஒருவர் வெறுங்காலோடு இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்மா, நான் கூட வரவா என்று ஷமீமா கேட்டாள். இங்கிருந்து என் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும். நேரே போய் ஒரு திருப்பம், அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு போவேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மதுரைக்குப் போகணும்மா" என்றேன்.

அவள் இது மதுரைதான் என்று சொல்லவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"வாங்க" என்றாள். "கூட்டிட்டுப் போறேன். பக்கத்துலதான்."